உன் அம்மா ஈயத்தாளிடம் கேட்ட கேள்வி

இடது கைக்காரியே, என் சிவகாமியே,

பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் சேர்ந்து உட்காரும் வாங்கின் இடது ஓரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ இடது கையால் எழுதுவாய், நான் வலது கையால் எழுதுவேன். முழங்கைகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க நீ அந்த ஓரம், நான் இந்த ஓரம். நீ போன பிறகும் நான் நடுவுக்கு நகரவில்லை. சில நாட்களில் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வாங்கு இலேசாக ஆடும், நீ வந்து உட்காரும்போது ஆடுமே, அப்படி. உடனே திரும்பிப் பார்ப்பேன். வாங்கின் ஒரு கால் குட்டை, காரணம் அவ்வளவுதான். நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டிய பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. இந்தியாவுக்குப் போய்விடுவதா, உன்னோடு இந்த மலையிலேயே இருந்துவிடுவதா என்று உன் அம்மா உன்னிடமே கேட்க முடிவு செய்தார். உன் பதிலைச் சொல்ல வேண்டியது என் கையில் இருந்த ஒரு டோர்ச் பற்றரி. அதை நான் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேனோ அதுதான் உன் பதில் என்று ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டாமா?

இதை வேறு பலரும் படிப்பார்கள். ஆகவே நீ அறிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளும் என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் கரும்பலகையில் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? இலாடம் போல வளைந்த காந்தத்தின் இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு செப்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பற்றரியைத் தொட்டார். கம்பி துள்ளவேண்டும். அது அசையவே இல்லை. ஆய்வுகூடத்தின் பற்றரி பழையது, கம்பியோ கனமானது. பின்வாங்கிலிருந்து யாரோ, “கம்பிக்கு வெக்கம் சேர்” என்றாள். வகுப்பே சிரித்தது.

மறுநாள் நீ புத்தகப் பையில் ஒரு துண்டு ஈயத்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். தேயிலைக்கு ஈரம் பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் ஒட்டுவார்களே, அந்தத் தாள். உன் அப்பாவுக்கு எஞ்சின் வேலை, தேயிலை அரைக்கும் இடத்தில். தோட்டத்தில் எல்லாரும் அதை ஸ்டோர் என்பார்கள். அங்கிருந்து கேட்டு வாங்கியிருந்தாய். பின்பக்கக் கடதாசியை எச்சில் தொட்டு உரித்தாய். தலைமுடிக்குக் கட்டும் நாடாவைவிட மெல்லிசாக வெட்டி, காந்தத்துக்கு நடுவே தொய்வாகத் தொங்கவிட்டாய்.

“இது கம்பி இல்லையே பிள்ளை” என்றார் சேர்.

“கரண்டுக்கு அது தெரியுமா சேர்?”

அவர் சிரித்துவிட்டார். வாப்பாவின் கடையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த புதுப் பற்றரியைத் தொட்டதும் தாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே துள்ளியது. யாரும் தொடவில்லை, யாரும் ஊதவில்லை. பின்வாங்கில் இருந்தவர்கள் “பேய்!” என்று அலறினார்கள். நீ திரும்பி, “பேய் இல்லடி, விசை” என்றாய், ஏதோ உன் சொந்தக்காரரை அறிமுகம் செய்வதுபோல.

பற்றரியைத் திருப்பி வைத்தோம். தாள் உள்ளே பதுங்கியது. எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல இடக்கை விதி இருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று குறுக்காக விரிக்கவேண்டும். நாங்கள் எல்லாரும் எந்தக் கை, எந்த விரல் என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது உன் கை தானாக எழுந்தது. சின்ன வகுப்பில் அந்தக் கையால் எழுதியதற்காக நீ அடி வாங்கியிருக்கிறாய். “பீச்சக் கைக்காரி” என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்களாம். அன்று நீ என் காதோரம் சொன்னாய்: “பாத்தியா நசீமா, ஒலகத்துல ஒரே ஒரு விதிக்காச்சும் என் கைதான் சரியான கை.”

ஸ்டோரில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்ட காந்தம் ஒன்றை உன் அப்பா உனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டிலேயே வைத்து அம்மாவுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். “மலையில கொழுந்து எடுத்துட்டு வந்ததும் அம்மாவுக்குக் கண்ணு சொக்கிரும். ஞாயித்துக்கெழம காட்டுறேன்” என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை வருமுன் நெருப்புக் காய்ச்சல், அந்த டைஃபாயிட், வந்துவிட்டது. ஆசுபத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமையில் வந்தது. சனிக்கிழமைகளில் வாப்பாவின் லொறி உங்கள் தோட்டத்துக் கடைக்குச் சாமான் இறக்கப் போகும். நான் வாப்பாவோடு ஏறிக்கொண்டேன். லயத்தில் உங்கள் வீடான அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்ததும் நான் கண்டது என்ன தெரியுமா? உன்னைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட உங்கள் வீட்டில் இல்லை. படம் வைக்கவேண்டிய இடத்தில், வாழை இலைக்கு முன்னால், அம்மா அந்தக் காந்தத்தை வைத்திருந்தார். அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு சாமந்திச் சரமும் சுற்றியிருந்தார்.

“ஆசுபத்திரிக்குப் போறவரைக்கும் இதத்தான் தாயி அவ தொட்டுக்கிட்டுக் கெடந்தா” என்றார். “எனக்குக் காட்டுறேன் காட்டுறேன்னா. என்னன்னுதான் தெரியல. நீ காட்டுறியா?”

நான் மறுக்கவில்லை. என் பையில் பற்றரி இருந்தது. உன் சாமான்களுக்குள் நீ வெட்டி வைத்த ஈயத்தாளும் இருந்தது. இரண்டு பால் டின்களின் மேல் ஒரு குச்சியை வைத்து அதில் தாளைத் தொங்கவிட்டு, தாளின் இரு முனைகளிலும் மெல்லிய கம்பி இணைத்தேன். சந்தனம் பூசிய காந்தத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். பற்றரியை நான் தொடப்போகும் அதே நேரத்தில் அம்மா அதைப் பார்த்து, “சிவகாமி, பசிக்குதாடி?” என்றார்.

தாள் துள்ளியது.

என் கையில் மயிர் எழுந்து நின்றது. ஏன் துள்ளியது என்று அந்த வீட்டில் அறிந்தவள் நான் ஒருத்திதான். அப்படியிருந்தும் எனக்கு அப்படி ஆயிற்று. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்துபோய், படையல் சோற்றில் இன்னும் ஒரு பிடியை அள்ளி இலையில் வைத்தார்.

நான் சொல்லத்தான் செய்தேன், சிவகாமி. இது மின்னோட்டம், இது காந்தம், இரண்டும் சேர்ந்தால் தள்ளும் என்றெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“கரண்டு கண்ணுக்குத் தெரியுமா தாயி?”

“தெரியாது அம்மா.”

“இந்தக் காந்தம் இழுக்கிறது?”

“அதுவும் தெரியாது.”

“அவளுந்தான் தெரியல” என்றார்.

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது காந்தம் துடைத்துத் தயாராக இருந்தது. அம்மா குளித்து, உலராத முடியை முடிந்திருந்தார். மழையில் நனைகிறாயா என்று கேட்டார். அந்த மேட்டில், தேயிலைக்கு நடுவே, உன்னைப் புதைத்த இடத்துக்கு மேலே கூரை இல்லையே என்பது அவருடைய கவலை. தாள் துள்ளியது. அன்றே போய் உன் மேல் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தார். இன்னொரு சனிக்கிழமை நான் பற்றரியை அறியாமல் மாற்றி வைத்துவிட்டேன். அப்போது அவர் கேட்ட கேள்வி, “என் மேல கோவமாடி?” தாள் உள்ளே பதுங்கியது. அம்மா அந்த மண் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதார். “இல்லங்கிறா. இல்லங்கிறா” என்று சொல்லிச் சொல்லி அழுதார், பிறகு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அப்படித்தான் அந்தச் சட்டம் பிறந்தது. உங்கள் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பார்களாமே, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் வெற்றிலையில் மடித்துப் போட்டு, கைக்கு எந்தப் பூ வருகிறதோ அதுவே அம்மனின் பதில் என்று. அதுபோல வெளியே துள்ளினால் ஆமாம், உள்ளே பதுங்கினால் இல்லை.

லயத்தில் எதுவும் ஒரு காம்பராவுக்குள் அடங்குமா? பக்கத்துக் காம்பரா மூக்காயி அக்கா வந்து, தன் பசு இந்த மாதம் கன்று போடுமா என்று கேட்கச் சொன்னார்.

“சிவகாமிக்கு ஒங்க மாட்டப் பத்தி என்ன தெரியும்?” என்றார் அம்மா.

“எல்லாந் தெரியும். உசுரோட இருக்கையிலயே அவளுக்குத் தெரியாதது என்னா இருந்துச்சு?” என்ற மூக்காயி அக்கா என்னைப் பார்த்தார். “சாமியாடிக்குன்னா சேவல் குடுக்கணும். இதுக்கு ஒரு பேட்டரியோட முடிஞ்சிருது. லாபந்தான்.”

எல்லாரும் சிரித்தோம், அம்மாவும்தான். ஆனால் நான் பற்றரியைத் தொடும்போதெல்லாம் சிரிப்பு நின்றுவிடும். அந்த இருட்டுக் காம்பராவில், புகை படிந்த சுவருக்கு முன்னால், மினுங்கும் அந்தத் தாள் அசையும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் பிடித்துக்கொள்வேன். அசைவது நீ இல்லை என்று தெரிந்திருந்தும், அது அடங்கி நின்றபின் ஏதோ ஒன்று காம்பராவை விட்டு வெளியே போனதுபோல இருக்கும். அதற்காகவே அடுத்த சனிக்கிழமையை எதிர்பார்ப்பேன்.

பிறகு உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது.

தோட்டத்து ஆட்களை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, நீ குழந்தையாக இருந்தபோதே உன் அப்பா எழுதிப் போட்டதாம் அது. வராது என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். உன் பெயரும் அதில் இருந்தது. அப்பா அந்தப் பெயரைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டுதான் எனக்குக் காட்டினார்.

“பேரு வந்திருச்சு. போயித்தான் ஆவணும்” என்றார்.

“புள்ளைய இந்த மேட்டுல தனியாப் போட்டுட்டா?” என்றார் அம்மா. “நான் வரல. நீங்க சின்னவ தேவியக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“வெளங்காத பேச்சுப் பேசாத. இன்னும் ஒரு வருசம் தள்ளிப்போடச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கப்பறம்?”

அம்மா காந்தம் இருந்த மூலையைப் பார்த்தார். “அவளையே கேப்போம். அவ போகச் சொன்னா வர்றேன். வேணாம்னா, வரலன்னு எழுதிக் குடுத்திருங்க, நாம இங்கயே கெடப்போம்.”

அப்பா பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி வைத்தார். கடைசியில், “சரி, வார சனிக்கெழம” என்றார்.

அன்று என்னை லொறிவரை கொண்டுவந்து விட அப்பாதான் வந்தார். தண்ணீர்ப் பீலியைத் தாண்டியதும் நின்றார்.

“தாயி, நான் எஞ்சினுகிட்டக் கெடக்குறவன். பேட்டரியத் திருப்புனா தாளு திரும்புது. தாளு உள்ள போன மொத நாளே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் அம்மாகிட்டச் சொல்லல?”

“அன்னிக்குத்தான் அவ சிரிச்சா. எப்படிச் சொல்லச் சொல்ற?” என்றார். பிறகு, “சனிக்கெழம வெளிய போற மாதிரி வச்சிரு தாயி. இங்க இருந்தா அவ அந்த மேட்டுலயே கெடந்து செத்துப்போவா. தேவிக்குப் பசிக்கிறதுகூட அவளுக்குத் தெரியல” என்றார்.

லொறியில் வாப்பா ஏதோ கேட்டார், என் காதில் ஏறவில்லை. எனக்கும் ஒரு விருப்பம் இருந்தது, சிவகாமி, அது அப்பாவின் விருப்பத்துக்கு நேர் எதிரானது. உள்ளே பதுங்கும்படி வைத்தால் அவர்கள் போகமாட்டார்கள். சனிக்கிழமைகள் இருக்கும். உன்னைப் பற்றி என்னோடு பேச ஒரு வீடு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் தலைமன்னாரும் கப்பலும், மறுபக்கம் திருப்பினால் அந்த மேடு. என் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பற்றரிக்கு இவ்வளவு பெரிய வேலையா?

வீட்டில் உம்மா மாவு அரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா அரிதட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

“மவுத்தாப் போனவங்கட பேர்ல பொய் சொல்லாத மகள்.”

“அவங்க போனாத்தானே உம்மா நல்லது? நல்லதச் சொன்னாலும் பொய்யா?”

“நல்லதெண்டா நீ உன்ட வாயால சொல்லு. அந்தப் புள்ளட வாயில வைக்காத.” மறுபடியும் மாவு விழத் தொடங்கியது.

அந்த வாரம் முழுவதும் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் என்ன செய்யட்டும்? ஆய்வுகூடத்தில், நூல் நிலையத்தில், மழையில் பாடசாலை விட்டு வரும் வழியில் எல்லாம் கேட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தால் எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “பேட்டரிய எந்தப் பக்கம் வச்ச?”

சனிக்கிழமை காம்பராவின் வாசல் வரை பெண்கள் நின்றார்கள். கற்பூர வாசம் அடித்தது. அப்பா சுவரோரம் குந்தியிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. தேவி மூக்காயி அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கேள்வி கேட்க வாயைத் திறந்தார்.

“அம்மா, கொஞ்சம் இருங்க” என்றேன். “இன்னிக்கு நீங்க தொடுங்க.”

“நானா? எனக்கென்ன தெரியும்?”

“ஒண்ணும் கேக்காதீங்க. சும்மா தொடுங்க.”

கம்பி முனைகளை அவர் விரல்களில் பிடித்துக் கொடுத்தேன். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த அந்த விரல்கள் கம்பியைப் பற்றரியிடம் கொண்டுபோயின. தொட்டார். தாள் வெளியே துள்ளியது. பின்னால் ஒரு பெண், “ஆமாங்கிறா!” என்றாள்.

“இப்ப பேட்டரியத் திருப்புங்க அம்மா.”

திருப்பினார். உள்ளே பதுங்கியது. மறுபடி திருப்பினார். வெளியே. மறுபடி. உள்ளே. அம்மா திருப்பித் திருப்பித் தொட்டுக்கொண்டே இருந்தார். பற்றரி சூடேறி விரலைச் சுட்டிருக்கும், அவர் விடவில்லை. தாள் கதவுபோல வெளியேயும் உள்ளேயும் போய்வந்தது.

“நான் ஒண்ணுமே கேக்கலயே” என்றார்.

“இல்ல அம்மா.”

“கேக்காமலே சொல்லுது.”

“சொல்லல அம்மா. தள்ளுது. அவ்வளவுதான்.”

பற்றரியை மடியில் வைத்தார். “அப்ப அன்னிக்குப் பசிக்குதான்னு கேட்டப்ப?”

“நான்தான் பற்றரிய வச்சேன்.”

“கோவமான்னு கேட்டப்ப?”

சிவகாமி, அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. இந்தியாவைப் பற்றித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கோ அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த பதிலைத்தான் நான் அப்போது பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“ஏன் அம்மா அப்படிக் கேட்டீங்க?” என்றேன். “அவளுக்கு உங்க மேல என்ன கோவம்?”

“ஆசுபத்திரியில கடைசியாப் பாக்கப் போனேன்ல. என் சத்தம் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டா. நான் கூப்புடுறேன், முழிக்கல. எமை ஆடுது, முழிக்கல. காச்ச வந்த மொத நாளு அவள விட்டுட்டு மலைக்குப் போனேன். அந்தக் கோவம். என் மொகத்தப் பாக்காமலே போயிட்டா தாயி.”

அன்று உன் கட்டிலருகே நான் இருந்தேன் அல்லவா? கஞ்சி கொண்டுவந்திருந்தேன். வராந்தாவில் அம்மாவின் குரல் கேட்டதும் நீ என் கையைப் பிடித்துச் சொன்னதை, சொன்னபடியே அம்மாவிடம் சொன்னேன்.

“‘அம்மா வருது, நான் தூங்குறேன்னு சொல்லு நசீமா. முழிச்சிருந்தா எந்திரிச்சுப் போவாது. கடைசி பஸ்ஸ விட்டுட்டு இருட்டுல ரோட்டுல நிக்கும்’னு சொன்னா அம்மா. அதுக்காகத்தான் கண்ண மூடினா. நீங்க போனதும் ஒரு கண்ண மட்டும் தொறந்து, ‘போயிருச்சா?’ன்னு கேட்டா.”

அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒத்தக் கண்ணத் தொறந்தா பாத்தா?”

“ஆமா அம்மா.”

“எந்தக் கண்ணு?”

“எடது கண்ணு.”

“அவதான்” என்றார் அம்மா. “அப்படித்தான் பாப்பா, களவாணி.” அதன் பிறகு அழுதார். பதினாறாம் நாளிலும் அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. மூக்காயி அக்கா மட்டும் நின்று, “அது கெடக்கட்டும், இப்ப என்னதான் முடிவு? பேட்டரி போகச் சொல்லுதா, இருக்கச் சொல்லுதா?” என்றார்.

“பேட்டரி என்னத்தச் சொல்லும்? அது கடையில விக்கிற சாமான்” என்றார் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. “போறதா இருக்கிறதான்னு நாந்தான் சொல்லணும்.” பிறகு வாசலைப் பார்த்து, “தேவி, இங்க வாடி. தல என்னா இப்படிக் கெடக்கு? சாப்புட்டியா?” என்றார்.

உள்ளே திரும்பி வந்த அப்பா அதைக் கேட்டார். நான் அவர் சொன்னபடி செய்யவில்லை அல்லவா? ஆனால் லொறி வரைக்கும் என் பையை அவரே தூக்கி வந்தார்.

போவது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். யாருடைய பதிலுக்கும் காத்திராமல், தேவியின் சட்டைகளை மடித்துத் தகரப் பெட்டியில் வைக்கத் தொடங்கிய நாளில் அது எல்லாருக்கும் தெரிந்தது. காந்தத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வகுப்பில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் உன் முகம் கொழுந்து அளவுதான் தெரிகிறது. அது போதும் என்றார்.

அதன்பின் ஒருநாள் ஆய்வுகூடத்தில் தனியாக இருந்தேன். காந்தத்துக்கு நடுவே தாளைத் தொங்கவிட்டிருந்தேன், பற்றரியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. தாள் அசைந்தது. மெல்ல, இரண்டு பக்கமும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். தாள் நின்றுவிட்டது. காற்றுத்தான். நிம்மதியாக இருந்திருக்கவேண்டும், ஆனால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெகுநேரம் சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

நேற்று பதுளை ரயில் நிலையத்துக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பல தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. மேடையில் ஒரே அழுகை, பெட்டிகளுக்குள்ளும் அழுகை. போகிறவர்கள் யார், இருக்கிறவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேவி புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா உம்மாவைக் கும்பிட்டார். அம்மா ஜன்னல் வழியாக என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“தாயி, ஒன்னு கேக்குறேன். அவ பேச மாட்டா, அது எனக்கு வெளங்கிருச்சு. ஆனா நாம அவகிட்டப் பேசலாம்ல? அதுல தப்பு இல்லல்ல?”

“இல்ல அம்மா.”

“தெனமும் மலைக்குப் போறப்ப அந்த மேட்டுல நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவேன். இனிமே அவகிட்டப் பேச யாரு இருக்கா? நீ பேசு. என்ன நடந்துச்சு, ஏது நடந்துச்சுன்னு சொல்லு. பதில் மட்டும் கேக்காத.”

ரயில் நகர்ந்தது. அவர் கை என் கன்னத்திலிருந்து நழுவும் வரைக்கும் நான் கூடவே நடந்தேன்.

ஆகவே பேசுகிறேன், சிவகாமி. இது முதல் பேச்சு. அம்மாவின் கடிதம் வந்தால் அந்த மேட்டில் நின்று உனக்கு வாசித்துக் காட்டுவேன். தேவி எந்த வகுப்பில் சேர்ந்தாள் என்று சொல்வேன். நான் படிப்பதையெல்லாம் சொல்வேன், விளங்காததையும் சொல்வேன். வாப்பா லொறியில் ஏற்றாத சனிக்கிழமைகளில் இங்கேயே, இந்த வாங்கில் இருந்தே சொல்வேன். நீ கேட்கிறாயா என்று ஒருநாளும் கேட்கமாட்டேன்.

உன் அம்மா உன்னிடம் பேச விட்டுப்போன,
உன் சகோதரி
நசீமா